வீட்டு முன்னால் கார் ஷெட்: பெங்களூரில் எங்கே கையைக் கடிக்கும்

"ஷெட் போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் ஃபேப்ரிகேஷன்காரர் நிமிர்ந்து மேலே பார்ப்பார். நீளம், அகலம் அளந்து, சதுர அடிக்கு இத்தனை என்று ஒரு விலை சொல்வார். அது கூரைக்கான விலை மட்டும்தான். காரைத் தாங்கப்போவது தரை. பெங்களூர் வீடுகளில் அந்தத் தரைக்கு அடியில் சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருக்கும், யுஜிடி (பாதாள சாக்கடை) சேம்பர் இருக்கும், காவேரித் தண்ணீர்க் குழாய் போகும், வாசலில் மோரி, அதாவது தெருச் சாக்கடை ஓடும். முதலில் பேசிய விலைக்கும் கடைசியில் கையை விட்டுப் போன தொகைக்கும் நடுவில் வரும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஆகவே கணக்கைக் கீழிருந்து மேலே போடுவோம்.

கணக்குக்கு எடுத்துக்கொண்டது 30×40 மனை. ஷெட்டின் உள் அளவு 10 அடிக்கு 18 அடி. கூரை 11 அடிக்கு 20 அடி, அதாவது 220 சதுர அடி. சிமெண்ட் மூட்டை 400 ரூபாய், கம்பி கிலோ 65, எம்-சாண்ட் (கல்லை நொறுக்கிச் செய்த மணல்) கன அடி 60, முக்கால் இஞ்ச் ஜல்லி கன அடி 45 என்று வைத்திருக்கிறோம். இவை கணக்குக்காக வைத்த விலைகள். உங்கள் பகுதிக் கடையில் இன்றைய விலையைக் கேட்டு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். விலை மாறினாலும் அளவு மாறாது.

பேச்சைத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மேஸ்திரி "ரெண்டு சதுரம்" என்பார், கன்னடத்தில் பேசினால் "எரடு சதர" என்பார். இரண்டும் 200 சதுர அடிதான். ஆனால் அளவு எந்த ஓரத்திலிருந்து எந்த ஓரம் வரை? உள் அளவு 180, கூரை ஓரம் வரை 220. சதுர அடி 260 ரூபாய் என்றால் இந்த 40 சதுர அடியில் மட்டும் 10,400 ரூபாய் நிற்கிறது. பேசும்போதே சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இடம் போதுமா

ஸ்விஃப்ட் 12 அடி 8 அங்குல நீளம், 5 அடி 8 அங்குல அகலம். இன்னோவா கிரிஸ்டா பதினைந்தரை அடி நீளம், 6 அடி அகலம், கண்ணாடி இதில் சேராது. இன்று ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்களும் இன்னோவாவுக்கே இடம் பாருங்கள், ஷெட் காரைவிட நீண்ட நாள் நிற்கும். 10 அடி அகலத்தில் இன்னோவாவை ஒரு பக்கச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிறுத்தினால், டிரைவர் பக்கம் கதவைத் திறந்து இறங்க இரண்டரை அடி கிடைக்கும். 9 அடியில் கட்டியவர்கள் தினமும் ஒருக்களித்து இறங்குகிறார்கள்.

நீளத்தில் ஏமாற வைப்பது வாசல் கேட்தான். 10 அடி வாசலுக்கு இரண்டு கதவு என்றால் ஒவ்வொன்றும் 5 அடி. உள்பக்கம் திறக்கும்போது அந்த 5 அடியும் கார் நிற்கும் இடத்திலிருந்து போகும். பதினைந்தரையும் ஐந்தும் இருபதரை அடி. 18 அடி ஷெட்டில் கேட் பம்பரில் இடிக்கும். ரோட்டுப் பக்கம் திறக்கும்படி வைப்பது சட்டத்துக்கும் ஆகாது, நடந்து போகிறவர்களுக்கும் ஆபத்து. ஸ்லைடிங் கேட்தான் வழி. அதற்கு வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு 10 அடி நேர்ச் சுவர் வேண்டும். 30 அடி முகப்பில் அது கிடைத்துவிடும். 20×30 மனையில் சிறிய கேட், மின் மீட்டர் எல்லாம் அந்தச் சுவரிலேயே இருந்தால் மடக்கு கேட் போட வேண்டியிருக்கும்.

உங்கள் தெரு 20 அடி என்று சொல்லிக்கொண்டாலும் எதிர்ப்பக்கம் கார் நின்றால் 14 அடிதான் மிச்சம். அதில் திரும்பி நுழைய வாசல் 10 அடி இருக்கட்டும். முடிந்தால் காம்பவுண்டின் ஒரு மூலையை 2 அடி சாய்வாக வெட்டிக் கட்டுங்கள். ஒரு நாள் கொத்தனார் வேலை, ஆயுசுக்கும் பம்பர் கீறாது.

பிளானைப் பார்க்காமல் கடப்பாரை எடுக்க வேண்டாம்

2025 செப்டம்பர் முதல் பெங்களூர், கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகளாக இருக்கிறது. உங்கள் வீடு எதில் வருகிறது என்று பார்த்து, பாஸான பிளானில் எத்தனை அடி செட்பேக் (கட்டடத்தைச் சுற்றித் திறந்து விட வேண்டிய இடம்) விட்டிருக்கிறார்கள் என்று அளந்துகொள்ளுங்கள். செட்பேக்கில் காரை நிறுத்துவது வேறு, அதன் மேல் கூரை போடுவது வேறு. திறந்திருக்க வேண்டிய இடத்தை மூடினால் அது மீறல். தகரக் கூரைதானே என்று நினைப்பவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்த பிறகுதான் விவரம் புரிகிறது. பதிவு பெற்ற இன்ஜினியரிடம் பழைய பிளானைக் கொடுத்து, இதற்குத் திருத்தப் பிளான் போட முடியுமா, முடியாதா என்று எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்றால் கூரையை விட்டுவிட்டுத் தரையையும் கேட்டையும் மட்டும் சரியாகச் செய்துகொள்ளலாம். அதுவே பாதிப் பலன்.

வழியில் மரம் இருந்தால் மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. கர்நாடகத்தில் 1976 முதலே இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

சம்ப்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முன்பக்கத் தரைக்கு அடியில் 6 அடிக்கு 8 அடியில் ஒரு சம்ப். அதன் மேல் 4 அங்குல ஸ்லாப். வீடு கட்டியபோது அதன் மேல் ஆள் நடப்பார் என்றுதான் கணக்குப் போட்டிருப்பார்கள். ஆள் நிரம்பிய இன்னோவா சுமார் 2,400 கிலோ, ஒரு சக்கரத்துக்கு 600 கிலோ. அது உள்ளங்கை அகலத்தில் இறங்குகிறது. ஸ்லாப் அன்றைக்கே உடையாது, அதுதான் சிக்கல். அடிப்பக்கத்தில் மயிரிழை விரிசல் விடும். சம்ப்புக்குள் எப்போதும் ஈரம் என்பதால் விரிசல் வழியே கம்பி துருப்பிடித்து உப்பும், சிமெண்ட் பூச்சு பொரிந்து தண்ணீரில் விழும். இரண்டு மூன்று வருஷம் கழித்து மோட்டாரில் மணல் வருகிறதே என்று பார்க்கும்போதுதான் தெரியவரும்.

சோதிப்பது எளிது. தண்ணீர் குறைந்திருக்கும் நாளில் மூடியைத் திறந்து, மேலிருந்தபடியே செல்போனை உள்ளே நீட்டி, டார்ச்சைப் போட்டு ஸ்லாப்பின் அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். பூச்சு வெள்ளையாக, வழவழப்பாக இருந்தால் நல்லது. நேர்க்கோடாகச் செம்பழுப்புக் கறை ஓடினால் அது துருப்பிடிக்கும் கம்பி. பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தால் அந்த ஸ்லாப்பின் மேல் சைக்கிள் கூட வேண்டாம். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சுக்குக் காற்று இருக்காது. இறங்கியே ஆக வேண்டும் என்றால் பல மணி நேரம் திறந்து வைத்து, ஃபேன் விட்டு, கயிறு கட்டி, மேலே ஒருவர் நின்றபடி மட்டும்.

பழைய ஸ்லாப் நன்றாக இருந்தால் அதை உடைக்க வேண்டாம், உடைத்தால் கல்லும் மண்ணும் குடிதண்ணீருக்குள் விழும். அதற்கு மேல், சம்ப்புச் சுவரைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஓர் அடி நீளும்படி 8×10 அடியில் 6 அங்குலப் புது ஸ்லாப் போடுங்கள். நடுவில் ஓர் அங்குலத் தெர்மாகோல் வைத்தால் கார் பாரம் பழைய ஸ்லாப்பில் இறங்காது. 12 எம்எம் கம்பி, 5 அங்குல இடைவெளியில், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும். கன அளவு 40 கன அடி. சிமெண்ட் 9 மூட்டை, கம்பி 108 கிலோ, கம்பிக்கு மட்டும் சுமார் 7,000 ரூபாய். மணல், ஜல்லி, கூலி, கனரக மூடி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் ஒதுக்குங்கள். சம்ப்புச் சுவர் சாலிட் பிளாக்கில் கட்டியதா, கான்கிரீட்டா என்பதைப் பொறுத்துக் கம்பிக் கணக்கு மாறும். இந்த ஒரு ஸ்லாப்புக்காவது இன்ஜினியர் கையெழுத்து இருக்கட்டும்.

மூடியின் இடத்தையும் இப்போதே யோசியுங்கள். சக்கரம் ஓடும் தடத்தில் வரவே கூடாது. இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவில், கேட்டுக்கு அருகில் வருவது நல்லது. அப்படி இருந்தால் கார் உள்ளே நின்றாலும் டேங்கர் ஹோஸ் போகும். மூடியின் விளிம்பு தரையைவிட ஓர் அங்குலம் உயரமாக இருக்க வேண்டும். கார் கழுவும் தண்ணீரும் சொட்டும் ஆயிலும் அந்த ஓர் அங்குலத்தால்தான் உங்கள் சமையலறைக் குழாய்க்கு வராமல் நிற்கின்றன.

யுஜிடி சேம்பருக்கும் இதே விதிதான். காவேரிக் குழாய் தரைக்கு அடியில் ஓடினால், கான்கிரீட் போடும் முன் அதை 4 அங்குல பிவிசி குழாய்க்குள் நுழைத்துவிடுங்கள். பிற்பாடு ஒழுகினால் தரையை உடைக்காமல் உருவி எடுக்கலாம்.

தரையும் ரேம்ப்பும்

இருக்கும் மண்ணை ஒன்றே கால் அடி வரை எடுத்து, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். செம்மண் என்றால் கவலை இல்லை. ஏரியோரம் மண் கொட்டி மேடாக்கிய லேஅவுட் என்றால் இன்னும் அரை அடி ஆழம் எடுத்து, கிராவல் போட்டு நிரப்புங்கள். மேலே 6 அங்குலம் கல் பரப்பி, சந்துகளை ஜல்லிப் பொடியால் அடைத்து, அதன் மேல் 5 அங்குல எம்20 கான்கிரீட். கலவை சிமெண்ட் ஒன்றுக்கு எம்-சாண்ட் ஒன்றரை, ஜல்லி மூன்று. 180 சதுர அடிக்கு 75 கன அடி வரும். சிமெண்ட் 17 மூட்டை, எம்-சாண்ட் 32 கன அடி, ஜல்லி 63 கன அடி. 8 எம்எம் கம்பியை 8 அங்குலச் சதுரமாகக் கட்டினால் 75 கிலோ. பொருள் 16,400 ரூபாய். கல், தோண்டுதல், கூலி சேர்த்து 30,000.

கம்பி வலையைத் தரையில் போட்டு, கான்கிரீட் கொட்டிய பிறகு கொக்கியால் இழுத்து மேலே தூக்குவது இங்கே பழக்கம். ஆள் நடக்கும்போது அது மறுபடி அடியில் போய் உட்கார்ந்துவிடும். கம்பிக்கு அடியில் 2 அங்குலக் கவர் கட்டையை 3 அடிக்கு ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். கட்டைக்கு ஆகும் செலவு 200 ரூபாய்கூட இருக்காது.

சரிவு 100-க்கு 1. 18 அடி நீளத்துக்கு கேட்டுப் பக்கம் 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துப் போட முடியாது. தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலால் நாலு மூலையிலும் சுவரில் கோடு போட்ட பிறகே கான்கிரீட் இறங்கட்டும்.

தரை மட்டம் ரோட்டு நடுவைவிட 9 அங்குலம் மேலே இருக்கட்டும். பெங்களூர் ரோடு தார் மேல் தார் போட்டும், ஒயிட் டாப்பிங் (தார் மேல் கான்கிரீட்) வந்தும் உயர்ந்துகொண்டே போகிறது. இன்றைக்குச் சமமாக வைத்தால் நாளைக்கு ரோட்டுத் தண்ணீர் உங்கள் ஷெட்டில். 9 அங்குலம் ஏற 8-க்கு 1 சரிவில் 6 அடி ரேம்ப் வேண்டும், 10-க்கு 1 என்றால் ஏழரை அடி. அந்த நீளம் உங்கள் மனைக்குள்ளேயே வர வேண்டும். நடைபாதையிலும் மோரியிலும் நீட்டிய ரேம்ப்பை மாநகராட்சி இடித்தால் நஷ்ட ஈடு கேட்க வழியில்லை. மனைக்குள் ரேம்ப்புக்கு இடம் விட்டால் ஷெட் நீளம் குறையுமே என்பார்கள். உண்மைதான், கார் நிற்கும்போது முன் சக்கரம் மட்டும் மேடையில், பின்பக்கம் சரிவில் நிற்கும் வீடுகள் நிறைய உண்டு. அங்கே சக்கரத்துக்குத் தடுப்புக் கட்டை கட்டாயம். ரேம்ப்பின் உச்சியைக் கூராக விடாமல் ஒன்றரை அடி தூரத்துக்கு வளைத்து விடுங்கள். ஸ்விஃப்ட்டின் அடிவயிறு தரையிலிருந்து 163 எம்எம் உயரத்தில்தான் இருக்கிறது, ஐந்து பேர் ஏறினால் அதுவும் குறையும்.

மோரி மேல் கருங்கல் சப்படி (பலகைக் கல்) போதும். தூக்கித் தூர் வாரும்படி இருக்க வேண்டும், சிமெண்ட் போட்டு அடைக்கக் கூடாது. ரேம்ப்புக்கும் மோரி மூடிக்கும் 12,000 ரூபாய்.

டைல்ஸ் வேண்டும் என்பவர்கள் சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ் எடுங்கள், ஒட்டுகூலியோடு 20,000 ஆகும். நாலு மூலையிலும் நடுவிலும் கலவையை உருண்டை வைத்து ஒட்டினால் அடியில் பொள்ளலாகி, சக்கரம் ஏறியதும் படக்கென்று போகும். ஒட்டிய மறுநாள் சாவிக்கொத்தால் தட்டிப் பாருங்கள், பானை சத்தம் வந்தால் எடுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.

கூரை

கூரை கீழே விழும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். தகரக் கூரையைக் காற்று மேலே தூக்கும். ஏப்ரல், மே மாதத்து மாலை மழைக்கு முன் வரும் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி பெங்களூருக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர். 0.6ஐ 33இன் வர்க்கத்தால் பெருக்கினால் 653 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 66 கிலோ. 220 சதுர அடி என்பது 20.4 சதுர மீட்டர், ஆக மொத்தம் 1,350 கிலோ. ஷீட்டும் பைப்பும் சேர்ந்து 325 கிலோதான் கனம். மிச்சத்தைப் பிடித்து வைக்க வேண்டியது அஸ்திவாரம். 1 அடிக் குழியில் போஸ்ட்டை நட்டுச் சிமெண்ட் ஊற்றிப் போகிறவர்களின் ஷெட்தான் பறக்கிறது. 2×2×2 அடிக் கான்கிரீட் ஒன்று சுமார் 540 கிலோ, நாலு சேர்ந்தால் 2 டன்னுக்கு மேல். அதில் ஜே வடிவ போல்ட் வைத்து, போஸ்ட்டின் அடித் தகடான பேஸ் பிளேட்டை முடுக்குங்கள். நாலுக்கும் சேர்த்து சிமெண்ட் 7 மூட்டை, செலவு 10,000.

வீட்டின் பழைய அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டும்போது அதன் அடிமட்டத்துக்குக் கீழே போகாதீர்கள். பைப்பைத் தரைக் கான்கிரீட்டில் புதைக்கவும் வேண்டாம். தரையோடு சேரும் இடத்தில் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்து அரித்துவிடும். 6 அங்குலப் பீடம் கட்டி அதன் மேல் பேஸ் பிளேட் வையுங்கள்.

போஸ்ட் 75×75×3, நீளவாட்டு பீம் 100×50×3, குறுக்குப் பைப் 50×50×2 நாலு அடிக்கு ஒன்று (அளவு எல்லாம் எம்எம்மில்). மொத்தம் 235 கிலோ. வெல்டிங், ரெட் ஆக்சைடு, பெயிண்ட் எல்லாம் சேர்த்து கிலோ 120 என்றால் 28,000. தடிமனை வாயால் சொன்னால் நம்ப வேண்டாம், 3 எம்எம் என்று சொல்லி 2 எம்எம் இறக்கினால் வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெட்டிய முனையில் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள், அல்லது எடை போட்ட சீட்டைக் கேளுங்கள். ஷீட் 0.5 எம்எம், ஸ்க்ரூவும் ஏற்றுகூலியும் சேர்த்து 15,000. ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும் வரை முடுக்கினால் போதும், சப்பையாகும் வரை முடுக்கினால் முதல் வெயிலிலேயே வெடித்து ஒழுகும். சரிவு 11 அடிக்கு 1 அடி. தண்ணீர் உங்கள் மனைக்குள் விழ வேண்டும், பக்கத்து வீட்டுச் சுவரில் அல்ல. 25 எம்எம் மழைக்கு இந்தக் கூரையில் சுமார் 500 லிட்டர் வரும், கூரைத் தண்ணீரைப் பிடிக்க 4,000 ரூபாய் கட்டரும் ஒரு ஃபில்டரும் வைத்தால் அது உங்கள் சம்ப்புக்கே போகும்.

மாடியில் பிற்பாடு ஒரு ரூம் எடுக்கலாம் என்று ஆர்சிசி (கம்பி போட்ட கான்கிரீட்) கூரை போடுகிறவர்கள், அந்த ரூமின் பாரத்துக்கும் சேர்த்து இப்போதே அஸ்திவாரம் போட வேண்டும். கம்பி மட்டும் வெளியே நீட்டி வைத்தால் மாடி வந்துவிடாது. புது ஸ்லாப்பைப் பழைய வீட்டுச் சுவரில் 3 அங்குலம் கொத்தி உட்கார வைக்காதீர்கள். புது அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், வீட்டுச் சுவர் இறங்காது, நடுவில் விரிசல். தனித் தூண், நடுவில் ஓர் அங்குல இடைவெளி, மேலே தகர மூடல். சதுர அடிக்கு 2,000 ரூபாயில் 220 சதுர அடிக்கு 4,40,000 வரும். சின்ன வேலைக்கு இந்த விலையில் யாரும் வரமாட்டார்கள், இன்னும் 15 சதவீதம் கூடுதலாகக் கேட்பார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 9×8 ரோலிங் ஷட்டருக்கு இன்னொரு 22,000. நாலு பக்கமும் மூடி ஷட்டர் வைத்தால் எதிரெதிர்ச் சுவரில் தரையோரமும் கூரையோரமும் காற்றுப் போக ஜாலி விட வேண்டும். ஷட்டரை இறக்கிவிட்டு எஞ்ஜினை ஓட விடுவது உயிருக்கு ஆபத்து, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு நிமிஷக் கணக்கில் சேர்ந்துவிடும்.

கூட்டினால்

ஷெட்டும் அஸ்திவாரமும் கட்டரும் 57,000. தரை 30,000, டைல்ஸ் 20,000, சம்ப் 30,000, ரேம்ப்பும் மோரியும் 12,000, ஸ்லைடிங் கேட் 30,000, லைட்டும் ஒரு பிளக்கும் 10,000. மொத்தம் 1,89,000. பத்து சதவீதம் கைக்காவல் சேர்த்தால் 2,08,000. இதில் தலைக்கு மேலே இருப்பது 47,000 ரூபாய், காலுக்குக் கீழே போனது 1,02,000. டைல்ஸை விட்டால் 20,000 மிச்சம், அதில் தப்பில்லை. சம்ப்பையும் அஸ்திவாரத்தையும் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

எலெக்ட்ரிக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால், தரை போடும் முன்பே மீட்டர் போர்டிலிருந்து 25 எம்எம் பைப் ஒன்று புதைத்து விடுங்கள். 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 32 ஆம்ப் லைன், 6 சதுர எம்எம் காப்பர் வயர், தனி எர்த், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். மின் விநியோக நிறுவனமான பெஸ்காமில் உங்கள் அனுமதிச் சுமை எவ்வளவு என்று பில்லிலேயே இருக்கும், பாருங்கள்.

வேலையை டிசம்பரில் தொடங்குங்கள். தகர ஷெட் மூன்று, நாலு வாரம். ஆர்சிசி என்றால் இரண்டு மாதத்துக்கு மேல். தரைக் கான்கிரீட்டை பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட்டில் போட்டிருந்தால் குறைந்தது 10 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். மூன்று வாரம் ஆகாமல் கார் ஏற வேண்டாம். மேஸ்திரிக்கு வாரா வாரம் சனிக்கிழமை முடிந்த வேலைக்கு மட்டும் கொடுத்து, கடைசிப் பத்து சதவீதத்தை நிறுத்தி வையுங்கள். அதை முதல் பெருமழை பெய்யும் வரை கொடுப்பதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மழை வந்ததும் டார்ச்சோடு போய் மூன்று இடம் பாருங்கள்: ஷீட் வீட்டுச் சுவரோடு சேரும் கோடு, பின் மூலைத் தரை, சம்ப் மூடியின் விளிம்பு. மூன்றும் காய்ந்திருந்தால் மறுநாள் காலையிலேயே பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.